லென்ஸுக்கு வைத்த பொட்டு

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூசை. மாலை நாலு மணி பத்து நிமிடம். இரண்டு மணிக்குத் தொடங்கிய தூறல் நின்றுவிட்டது. சிறுமலைப் பக்கம் மட்டும் மேகம் கறுத்துக் கிடந்தது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பூசைக்கு வைத்த சாமான்களுக்கு முன்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். வரிசையின் கடைசிச் சாமானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாமான்கள் மொத்தம் பதினொன்று. அரிவாள்மனை, சுத்தியல், தையல் மிஷின், மிக்ஸி என்று வரிசையாக வைத்து, கடைசியில் மகளுடைய கேமராவையும், சென்னையிலிருந்து வாடகைக்கு வந்திருந்த ஒரு பழைய லென்ஸையும் வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் என் மனைவி சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டிருந்தாள். லென்ஸுக்கு இட்ட பொட்டு அதன் முன் கண்ணாடியில், நட்டநடுவில் இருந்தது.

என் மகள் சினிமா ஒளிப்பதிவாளர். பதினான்கு வருடம் மற்றவர்களிடம் உதவியாளராக இருந்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் முதல் படம். பூ ஏற்றிப் போகிற வேன் ஓட்டுநர் ஒருவரின் கதை. அதன் கடைசிக் காட்சிக்கு, ஆயுத பூசை மாலையில் வத்தலக்குண்டு ரோட்டில் வண்டிகள் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, முகப்பு விளக்கு எரிய வரிசையாக வரவேண்டும். அத்தனை வண்டிகளை வாடகைக்குப் பிடித்து ஓட்டிக்காட்ட தயாரிப்பாளரிடம் பணம் கிடையாது. வருடத்தில் ஒரு நாள் அவை தாமாகவே வரும். அன்று பொழுது சாய்ந்து இருட்டுவதற்குள் கிடைக்கிற இருபது நிமிட வெளிச்சத்தில் எடுத்தாக வேண்டும். அதைத் தவறவிட்ட ஒளிப்பதிவாளரை யார் இரண்டாம் படத்துக்குக் கூப்பிடுவார்கள்?

அந்த லென்ஸை அவள் அனமார்பிக் என்பாள். அகலமான காட்சியை இரண்டு பக்கமும் நெருக்கிச் சின்னச் சட்டத்துக்குள் அடைக்கும். திரையில் மறுபடி விரித்தால் முழு அகலத்துக்கு நிற்கும். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம். முப்பத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. எனக்குப் புரியாதது வாடகைதான். என் கல்யாணத்துக்கு முன்னால் செய்த லென்ஸ், எடை நாலரைக் கிலோ, ஒரு நாளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"ஓரமெல்லாம் மங்கலாத் தெரியும்ங்கிற. விளக்கு எதுர்ல வந்தா கோடு விழுகும்ங்கிற. நேரா இருக்க செவரு வளையும்ங்கிற. இம்புட்டு நோக்காடு உள்ள சாமானுக்கு எதுக்குத்தா வாடகை?"

"அந்த நோக்காட்டுக்குத்தான்ப்பா வாடகை," என்றாள். "புது லென்ஸ்ல எல்லாமே பளிச்சுனு தெரியும். எதப் பார்க்கணும்னே தெரியாது. இதுல ஆளு தெரிவான், அவனுக்குப் பின்னாடி இருக்க வெளக்கெல்லாம் நீள நீளமா உருகி நிக்கும். நீங்களும் அம்மாவும் பார்த்த சினிமாஸ்கோப் படமெல்லாம் இந்த மாதிரி லென்ஸ்ல எடுத்ததுதான்."

நாங்கள் பார்த்த படங்கள். கல்யாணமான முதல் வருடம் இருவருமாகப் பதினேழு படம் பார்த்தோம்; அதில் ஸ்கோப் நாலு. அந்த நாலுதான் இன்றும் எனக்குப் படமாக நினைவில் இருக்கின்றன. முதலில் செய்திப் படம், சின்னச் சதுரத்துக்குள் ஓடும். அது முடிந்ததும் மணி அடிக்கும். திரையின் இரண்டு பக்கமும் தொங்கும் கறுப்புத் துணி கிறீச்சென்று விலகும். வெள்ளைத் திரை விரிந்துகொண்டே போகும். படம் தொடங்கவே இல்லை, துணி நகர்வதற்கே தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிய அகலம். இரவுக் காட்சியில் கார் ஒன்று எதிரே வந்தால், அதன் விளக்கிலிருந்து நீலக் கோடு திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். அது கார் விளக்கின் குணம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

ஒருமுறை ஆபரேட்டர் அவசரப்பட்டு, செய்திப் படத்துக்கே ஸ்கோப் லென்ஸை மாட்டிவிட்டார். ஏதோ கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர் இரண்டு ஆள் அகலத்துக்கு வந்து நின்றார். கத்தரிக்கோல் முறம் மாதிரி இருந்தது. "லென்ஸக் கழட்டுய்யா, ஆளு வெடிச்சிரப் போறான்," என்று யாரோ கத்தினார்கள். என் மனைவி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலம் கீழே கொட்டியது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவள்தான் இப்போது கூடத்தில், சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பூசையில வையின்னு நீதானடி குடுத்த," என்றாள் மகளிடம்.

"மூடி போட்டுத்தானம்மா குடுத்தேன்."

"மூடிக்கு வச்சா மூடிக்குத்தான சேரும்? அதான் கழட்டிட்டு வச்சேன். டிவிக்குக் கண்ணாடியில வைக்கல? உங்கப்பா வண்டி வெளக்குக்கு வைக்கல? தொடைச்சாப் போயிருது, இதுக்குப் போயி எல்லாரும் ஏன் இப்பிடி நிக்கிறீக?"

மகளின் உதவியாளராக வந்திருந்த பெண் துணியை எடுத்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேய்க்காத. சந்தனத்துல மணல் இருக்கும். கண்ணாடி மேல இருக்கறது பழைய காலத்துப் பூச்சு, தேய்ச்சா கூடவே வந்துரும்."

"பெட்டியில இன்னும் ரெண்டு லென்ஸ் கெடக்கே, அத எடுத்துட்டுப் போயேன்," என்றாள் மனைவி.

"அது ரெண்டும் தூரத்துல இருக்கறதக் கிட்ட இழுக்கும்மா. ரோடு முழுசும் அடங்குறது இது ஒண்ணுலதான்."

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் என்ன வேணும்னா செஞ்சேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மகள் டிஸ்டில்ட் வாட்டர் இருக்கிறதா என்று கேட்டாள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்த பாட்டில் இருந்தது, பிரிக்காதது. என் காது மருந்தின் சொட்டுக் குழாயைக் கழுவிக் கொடுத்தேன். லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியைத் தொடாமல், சொட்டுச் சொட்டாக விட்டாள். சந்தனம் ஊறி, இளகி, மஞ்சளாக வழிந்தது. விளிம்பில் பஞ்சை வைத்து ஏந்திக்கொண்டாள். குங்குமம் மட்டும் முழுதாகப் போகவில்லை. நூறு சொட்டுக்கு மேல் எண்ணுவதை நானும் விட்டுவிட்டேன். அம்மைத் தழும்பு அளவுக்கு, வெளுத்த சிவப்பில் ஒரு கறை தங்கிவிட்டது.

இயக்குநர் போன் செய்தார். "வாரோம் சார்," என்று மட்டும் சொல்லி மகள் போனை வைத்தாள்.

"கறையோட எடுத்தா என்னடி ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியலம்மா. வெளக்கு நேரா அடிச்சாத்தான் தெரியும்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டதுதான்."

வீட்டில் இருக்கமாட்டேன் என்று மனைவியும் காரில் ஏறிக்கொண்டாள். ரோட்டோரம் கேமராவை நிறுத்தி, மகள் லென்ஸை மாட்டினாள். ஆறு மணி ஐந்துக்கு முதல் வேன் வந்தது. நாங்கள் மானிட்டருக்குப் பின்னால் நின்றோம். அதில் வேன் ஒல்லியாக, தேர் மாதிரி உயரமாக வந்தது. வாழைக்கன்று மூங்கில் கழி போல இருந்தது. உதவியாளர் ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் இரண்டு பக்கமும் விரிந்தது. ஈர ரோடு முழுவதும், அந்தப் பக்கத்துப் பூக்காடு, அதற்கும் அப்பால் மலை, எல்லாம் அடங்கி நின்றன. முகப்பு விளக்கிலிருந்து நீலக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. நடுவில், விளக்குகளைச் சுற்றி மட்டும், செம்புப் புகை மாதிரி ஒரு மங்கல்.

"அது என்ன மேடம், செவப்பா?" என்றார் இயக்குநர்.

"லென்ஸ் சார்."

"போகாதா?"

"போகாது சார்."

அவர் இன்னும் நாலு வேன் போகும்வரை மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"இருக்கட்டும்," என்றார். "இருட்டுறதுக்குள்ள எம்புட்டு வருதோ அம்புட்டையும் எடுத்துருங்க."

இருபத்திரண்டு நிமிடத்தில் முப்பத்தோரு வண்டிகள் போயின. மகள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "மொத வண்டி ஒல்லியா வந்துச்சே, பார்த்தீகளா?" என்று மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்; ஆனால் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்வார்கள் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அதே மாலையில் நடப்பதாக வேனுக்குள் எடுக்கவேண்டிய காட்சிகள் மிச்சம் இருந்தன. அவற்றிலும் அதே செம்பு நிறம் வந்தால்தான் ஒட்டும். அதனால் அதே லென்ஸ், அதே கறையோடு, இன்னும் ஒன்பது நாள் வேண்டும் என்றாள் மகள். ஒரு நாளைக்கென்று பேசிய லென்ஸுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய் தரமுடியாது என்று தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார். வாடகைக்கு விட்டவர் போனில் மரியாதையாகத்தான் பேசினார்: "வச்சுக்கங்க சார். ஆனா வாடகை ஓடும். அப்பறம் கண்ணாடிய மெருகு போட்டு, புதுசாப் பூச்சுப் போடற செலவு தனி."

மகள் தன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்வதாக இருந்தாள். அந்தச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான் கொடுக்கிறேன் என்றேன். மனைவி தன் அஞ்சலகச் சேமிப்பை உடைக்கலாம் என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். ஒன்பது நாள் வாடகை ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு, மெருகுக்கும் பூச்சுக்கும் நாற்பத்திரண்டாயிரம், இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி பதினெட்டாயிரத்துத் தொண்ணூறு, பேட்டரித் தண்ணீர் பாட்டில் முப்பத்தைந்து. ஆக மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து ரூபாய்.