கூடையில் வந்த அளவு ஜாக்கெட்

எங்கள் அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் அவள் பிடிவாதத்தைத்தான் சொல்வேன். நல்ல தையல்காரி என்பது அப்புறம். நான் அவளுக்கு நாத்தனார். கொக்கி வைப்பது, ஹெம்மிங் போடுவது, அளவு நோட்டில் எழுதுவது எல்லாம் என் வேலை. இருபது வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் வாயால் அண்ணியைப் புகழ்வது உலகத்தில் நடக்காத காரியம் என்பார்கள். நடந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

அவள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். ஆள் நேரில் வர வேண்டும், அவள் கையால் டேப் வைக்க வேண்டும். பழைய ஜாக்கெட்டை நீட்டி "இதே அளவுக்குத் தெச்சுடுங்க" என்றால் துணியைத் தொடவே மாட்டாள். டேப்பை இடுப்பில் சுற்றியதும் வருகிற பெண்கள் எல்லாம் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "மூச்சை விடுங்க, என்கிட்ட என்ன ஒளிவுமறைவு?" என்பாள் அண்ணி. சிரிப்பில் வயிறு தன் இடத்துக்கு வந்துசேரும். அதற்கப்புறம்தான் எனக்கு அளவு சொல்வாள்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. அவள் அப்பாவும் தையல்காரர். அவர் தைத்த துணி பெரிய தெருக்காரர்களுக்கு ஆகும், அவர் கை மட்டும் ஆகாது. தொட்டால் தீட்டாம். வாசலுக்கு வெளியே நிற்க வைத்து அளவுக்கு ஒரு பழைய சட்டையைத் தூக்கிப் போடுவார்கள். தைத்துக் கொண்டுபோய் வைத்தால் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாண மாப்பிள்ளைக்காக அப்படிப் போட்ட சட்டை மூன்று வருஷம் பழசு. மாப்பிள்ளையோ அந்த மூன்று வருஷமும் உட்கார்ந்து தின்று பெருத்திருந்தான். புதுச் சட்டையில் பொத்தான் மாட்டவில்லை. "கண்ணு அவிஞ்சு போச்சாடா?" என்று நாலு பேர் பார்க்க அதை அவர் முகத்தில் விட்டெறிந்தார்கள். பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அண்ணிக்கு அப்போது ஒன்பது வயது. தொடவே விடாமல் அளவு எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கேட்டாளாம்.

எங்கள் முதல் கடை ஒரு மாடி வீட்டின் கீழே, தெருவைப் பார்த்த ஒற்றை அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, மூலையில் திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அந்த அறைதான் எங்களுக்குச் சோறு போட்டது. வீட்டுக்காரி மாடியில் இருந்தாள். நாங்கள் அவளை மாடியம்மா என்போம். முதல் வருஷத்தில் நாலு தடவை இறங்கி வந்து திரைக்குப் பின்னால் நின்று அளவு கொடுத்தாள். "உன் கை பட்டா துணி தானா உடம்புல உட்காருது" என்று அண்ணியைக் கொண்டாடினாள்.

கெடுத்தவள் நான்தான். ஒருநாள் மாடியம்மா என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்டாள். சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" என்றாள். தெருவைக் கேட்பவர்கள் தெருவுக்காகக் கேட்பதில்லை என்று எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் மட்டும் கொக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் சட்டென்று சுருங்கிப்போனது.

அடுத்த வாரம் பால்கனியிலிருந்து கூடை இறங்கியது. காய்கறி வாங்கக் கயிறு கட்டி இறக்குவாளே, அதே கூடை. உள்ளே அவள் மகள் கல்யாணத்துக்குத் தான் போட்டுக்கொள்ள ஆறு ஜாக்கெட் துணி. மேலே அளவுக்கென்று அவளுடைய பழைய ஜாக்கெட் ஒன்று. அண்ணி பார்த்தாள். ஒரு நூலைக்கூட எடுக்காமல் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். கூடை மேலே போயிற்று.

"என்ன, திருப்பி அனுப்பிட்ட?" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"நேர்ல வாங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"அதான் அளவு ஜாக்கெட் இருக்கே. நீ தெச்சதுதானே?"

"உடம்பே மாடியில இருக்கும்போது ஜாக்கெட் எதுக்கும்மா?"

கூடையை உள்ளே இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாசக் கடைசிக்குள்ள கடையைக் காலி பண்ணிடு" என்றாள்.

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுத் தெச்சுக் குடுத்துடுங்க அண்ணி. இந்த எடம் போச்சுன்னா நாம எங்க போறது?"

"கண்ணை மூடிக்கிட்டுத் தெச்சவரு எங்கப்பா. என்னால முடியாது."

"எல்லாம் என் வாயாலதான்."

"நீ என்ன பொய்யா சொன்ன? நாம எதுக்குடி மறைக்கணும்?" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள்மேல் ஒரு பெருமையும் வந்தது, அதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

துணி வேறு கடைக்குப் போனது. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. யார் கண்ணையும் சாமி வந்து குத்தவில்லை. நாங்கள்தான் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம். நாலு மாதம் வீட்டுச் சமையலறையில் துணி வெட்டினோம். கடைசியில் பின்தெருவில் இரண்டாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஏணி மாதிரி செங்குத்தான படி. ஆனால் டேப் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், படியில் நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியம்மா வந்துகொண்டிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "கூடை இறக்கவா அண்ணி?" என்று கேட்டேன். அண்ணி முறைத்த முறைப்பில் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

புற்றுநோயில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள் என்றாள் மகள். அதிலிருந்து இடது கை வீங்கி ஒரு ஜாக்கெட்டும் நுழையவில்லை. மூன்று கடைகளில் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்துப் பார்த்தும் ஒன்றும் சேரவில்லை. அந்தப் பழைய ஜாக்கெட்டுக்குரிய உடம்பு இப்போது இல்லையே.

அண்ணி அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மகளும் நானும் வெளியே உட்கார்ந்தோம்.

"முன்னாடி நாலு தடவை உங்களை அளந்திருக்கேன்" என்று அண்ணியின் குரல் கேட்டது. "அப்புறம் கூடை வந்துது. ஏன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் டேப்பை எடுக்கறேன்."

"நீங்க இன்னாருன்னு தெரிஞ்சுது. தொட்டா தீட்டுன்னு..." என்று இழுத்தாள் மாடியம்மா. "ஆஸ்பத்திரியில யார் யாரோ தொட்டாங்க. யாருன்னு நான் கேக்கவே இல்ல."

"அங்க உங்களுக்கு வேற வழி இல்லம்மா. நான் என் கடையைப் பத்திக் கேக்கறேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் பண்ணுனது தப்பு" என்றாள் மாடியம்மா, எங்களுக்கும் கேட்கிற மாதிரி.

அண்ணி என்னைக் கூப்பிட்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாடியம்மா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். தைத்த தழும்புக்கு மேலே டேப்பை ஒரு விரல் கொடுத்துத் தளர்வாகப் பிடித்திருந்தாள் அண்ணி. நான் மாடியம்மாவுக்கு என்னென்னமோ சாபம் விட்டிருக்கிறேன், அந்தத் தழும்பைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அண்ணியின் கை பட்டதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலியா, வெட்கமா, பழைய பழக்கமா, எனக்குத் தெரியாது.

"மூச்சை விடுங்கம்மா" என்றாள் அண்ணி. "என்கிட்ட என்ன ஒளிவுமறைவு?"

மூச்சு வெளியே வர வெகுநேரம் ஆனது. அதுவரை டேப்பை எடுக்காமல் அண்ணி காத்துக்கொண்டிருந்தாள்.