ஜெபத்தின் கடைசி வார்த்தை

அக்கா தையல்காரி. எந்தச் சட்டையையும் உள்பக்கம் புரட்டிப் பார்த்துத்தான் நம்புவாள். தங்கை புதிதாகச் சேர்ந்த ஜெபக்கூட்டத்தையும் ஒருமுறை போய் அப்படித்தான் பார்த்தாள். பாடல்களில் குறையில்லை, பிரசங்கத்தில் வசனம் பிசகவில்லை. ஆனாலும் தங்கையை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தை நடத்தும் போதகர்தான் தங்கைக்கு எல்லாம்; வாயைத் திறந்தாலே "ஐயா சொன்னாரு"தான்.

"உங்க ஐயா தப்பே பண்ண மாட்டாராடி?"

"சந்தேகம் பிசாசோட வேலைக்கா."

"அப்போ துணிய ரெண்டு தடவை அளக்குறேனே, எனக்கென்ன பிசாசா புடிச்சிருக்கு?"

தங்கை சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தாள். வீணாகப் பயந்துவிட்டோமோ என்று அக்காவுக்கே தோன்றியது. "இயேசுவின் நாமத்தில்" என்று தங்கை முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

"ஐயாவின் நாமத்தில், ஆமென்."

ஆமென் சொல்ல வாயெடுத்த அக்கா, சட்டென்று கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள். தங்கையோ எதையும் கவனிக்கவில்லை.

"சாப்பிடுக்கா, ஆறிடப் போகுது" என்றாள்.