சித்தப்பாவின் இடுப்பளவு

சூரியனையே கொண்டுவந்து நிறுத்தினாலும் டேப் வைக்காமல் இடுப்பளவு சொல்லிவிடக் கூடியவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அவரே சொல்லிக்கொள்வதுதான் இது. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கமாட்டார். கடைக்குள் வருகிறவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "நாப்பது. போன தடவை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முப்பத்தெட்டுன்னு ஏமாத்தினீங்க." இந்த வாய்க்கு வாடிக்கையாளர்கள் திரும்பி வருவதே அதிசயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய குடலில் புற்றுநோய்க் கட்டி. ஒரு சாண் குடலோடு வெட்டி எடுத்தார்கள். கண் விழித்ததும் மகான் வயிற்றைப் பார்த்துச் சொன்னது, "தையலா இது? கோணிப்பை கூட இதைவிட நல்லாத் தைப்பாங்க." ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், உடம்பு இளைத்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஒரே ஒரு தடவை போனார். அப்புறம் பள்ளிச் சீருடை ஆர்டராம், தலைக்கு மேல் வேலையாம்.

இந்த நாலு மாதமாகக் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. சித்தி கேட்டால் இடுப்பைத் தட்டிக் காட்டுவார். "இளைச்சிருந்தா பேன்ட் நிக்குமா?" சித்தியும் நம்பிவிடுவாள்.

பத்தாவதில் கோட்டைவிட்டு, பட்டன் துளைக்குக் காஜா எடுக்க அவர் கடைக்கு வந்து சேர்ந்தவள் நான். அவருடைய பேன்ட்டை இஸ்திரி போடும்போதுதான் பார்த்தேன். இடுப்புப் பட்டையின் உள்பக்கம் மூன்று வரிசையாகப் பிடித்துத் தைத்திருந்தது. முப்பத்தாறு முப்பத்தொன்றாகியிருந்தது. ஊரார் தொந்தியையெல்லாம் உரக்கச் சொல்கிற வீரர், தன் இடுப்பை மட்டும் திருட்டுத்தனமாக உள்ளே மடித்துத் தைத்திருக்கிறார். கோழை.

மூன்று வரிசையையும் பிரித்துவிட்டு, பேன்ட்டை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து மெஷினில் உட்கார்ந்தார். மதியம் சித்தி சாப்பாடு கொண்டுவந்தாள். மறந்துபோய்க் கை கழுவ எழுந்தவரின் பேன்ட் முழங்காலுக்குப் போனது. அவர் இழுத்துப் பிடிப்பதற்குள் சித்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

சித்தப்பா இடுப்புப் பட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நான் மும்முரமாகக் காஜா எடுத்தேன்.

"பிளேடால பிரிச்சிருக்கே."

எலியாக இருக்கும் என்றேன்.

"எந்த எலிடி நூலை எல்லாம் பொறுக்கிட்டு, இஸ்திரியும் போட்டு வைக்கும்?"

கழுத்திலிருந்த டேப்பை உருவி என் மடியில் போட்டார். "டாக்டர் கேப்பாரு. சரியாப் பாத்துச் சொல்லு."

யாரிடமும் அளவு கொடுக்காத மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பேன்ட்டைச் சித்தி பிடித்துக்கொண்டாள்.