சைபருக்குக் கீழே ஐந்து

கணக்கில் நான் புலி என்று முதலில் சொன்ன ஆள் நான்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் காம்பாருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் எண் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மறுத்துப் பேசவும் ஆளில்லை.

லயத்துக்கு ஒரே கிணறு. அதன் உட்சுவரில் தோட்டக் கணக்கெழுதும் கிராணி அடிக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதியிருந்தார். வழக்கமான நீர்மட்டத்தில் சைபர். அதற்கு மேலே கறுப்பில் ஒன்று, இரண்டு. கீழே சிவப்பில் ஒன்று, இரண்டு. சிவப்பு எதற்கென்று நான் கேட்கவில்லை. அழகுக்கு என்று நினைத்தேன்.

மழை பொய்த்த அந்த மாதம் வீட்டுக்கு நாளைக்கு இரண்டு வாளிதான். திங்கட்கிழமைதோறும் நான் எட்டிப் பார்த்துச் சொல்வேன். தண்ணீர் இறைக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, ஏழு மாத வயிற்றோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், ஏற்றமா இறக்கமா என்று கங்காணியிடம் சொல்வாள்.

போன திங்கள் சிவப்பு மூன்று. இந்தத் திங்கள் சிவப்பு ஐந்து.

“ரெண்டடி ஏறிருக்கு அத்தே!”

“என்னாடி சொல்றே? கயிறு ஒரு முழம் கூடப் போவுதே.”

“உங்க கயித்துக்குக் கணக்கு தெரியுமா? மூணு பெருசா, அஞ்சு பெருசா?”

“அஞ்சுதான்,” என்றாள் அத்தை, தோற்ற முகத்தோடு. அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சைபருக்குக் கீழே போனால் மூன்றைவிட ஐந்து சின்னது என்பது என் மண்டையில் ஏறச் சில வருஷங்கள் ஆயின. அத்தையின் கயிற்றுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

கங்காணி கட்டுப்பாட்டை நீக்கினார். லயமே குளித்தது, துவைத்தது. சாயங்காலம் வாளியில் சேறு வந்தது.

கங்காணி பிரம்போடு வந்தார். “எவ பாத்துச் சொன்னது ஏறிருக்குன்னு?”

புலி அத்தையின் சேலைக்குப் பின்னால் பதுங்கியது.

“புள்ள எறங்கிருக்குன்னுதான் சொல்லுச்சு அண்ணே. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்,” என்றாள் அத்தை.

“எழுத்துத் தெரியாததுங்கள நம்புனா இப்படித்தான்லா!”

மழை வரும்வரை எங்கள் வீட்டுக்குக் கிணற்றில் வாளி கிடையாது என்று தீர்ப்பு. மறுநாள் முதல் அத்தை ஒரு மைல் நடந்து ஆற்றிலிருந்து குடம் சுமந்தாள். முதல் குடத்தில் என் முகத்தைத்தான் கழுவிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாம்.

வீட்டில் எல்லாரும் அவளைத் திட்டினார்கள். “நான் சரியாத்தானே சொன்னேன்” என்று நானும் சேர்ந்துகொண்டேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அத்தை அவ்வளவு அடித்துச் சொன்னதில், மாற்றிச் சொன்னவள் அவள்தான் என்று நான் நிஜமாகவே நம்பிவிட்டிருந்தேன்.