எந்த மொழியில் வேண்டாம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு என் மனைவி வசந்தியின் வலது கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. என்ன ஆயிற்று என்றேன். "வேண்டாம்" என்றாள். பேனா வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துப் பத்து நிமிடம் வீணாக்கினேன்.

பக்கவாதம். கூடவே அஃபேசியா (மூளைப் பாதிப்பால் மொழி குலைவது).

வசந்தி கல்லூரியில் தத்துவமும் இலக்கியக் கோட்பாடும் கற்பித்தவள். அவள் புத்தகங்கள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியவை: கதைகளில் பெண் சொல்லும் 'வேண்டாம்' ஏன் முடிவில் 'வேண்டும்' என்று ஆகிவிடுகிறது? மறுப்பை முதலில் கேள், பிறகு விளக்கம் தேடு என்பாள். அவற்றுக்கெல்லாம் மெய்ப்புத் திருத்தியவன் நான்.

மருத்துவமனையில் அவளிடம் மிஞ்சிய தமிழ்ச்சொல் 'வேண்டாம்' ஒன்றுதான். போர்வை வேண்டாம் என்பாள். இடது கையால் இழுத்துப் போர்த்திக்கொள்வாள். என் வழக்கப்படி நோட்டில் எழுதினேன்: நேரம், கேள்வி, பதில், உண்மையில் வேண்டியது.

மூன்றாவது வாரம் விழுங்க முடியாமல் உணவு நுரையீரலுக்குள் போனது. வயிற்றுக்குழாய் (வயிற்றில் துளையிட்டு உணவு செலுத்தும் குழாய்) வைக்காவிட்டால் பிழைப்பது கடினம் என்றார் மருத்துவர். வசந்தியிடம் விளக்கிச் சொல்லிக் கேட்டேன்.

"வேண்டாம்."

"அவங்க சொல்றத எடுத்துக்கலாமா சார்?" என்றார் மருத்துவர்.

அவள் வாயில் வேண்டாம் என்று வருவது பெரும்பாலும் வேண்டும்தான் என்று நோட்டைக் காட்டினேன். குழாய் வைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்ததும் பகலில் பார்த்துக்கொள்ள ஹூப்ளிக்காரர் சுமங்களா வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, கன்னடம்தான். ஃபேன் "பேக்கா?" (வேண்டுமா) என்பார். "பேட" (வேண்டாம்) என்பாள் வசந்தி. நிறுத்தினால் முகம் தெளியும். ஆறு நாள் குறித்தேன். ஒரு பதில்கூடப் பிசகவில்லை. மேடத்துக்கு உங்கள் மேல்தான் கோபம், அதனால்தான் தமிழில் தப்பாகச் சொல்கிறார் என்று சுமங்களா என்னைக் கேலி செய்தார். ஒரே மூளையில் ஒரு மொழி பிழைத்து இன்னொன்று சிதைவதுண்டு என்றார் பேச்சுப் பயிற்சியாளர். பள்ளியில் படித்த கன்னடம் பிழைத்திருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

ஏழாம் நாள் கன்னடத்தில் கேட்டேன்: அன்றைக்கு நீ சொன்னது நிஜமாகவே வேண்டாம்தானா?

குழாயின் மேல் கை வைத்தாள். "பேட அந்தே, சேகர்." (வேண்டாமென்று சொன்னேன்.)

எடுத்துவிடச் சொல்லட்டுமா என்றேன். கையைக் குழாயிலிருந்து எடுத்தாள். "பேட."

அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் என்னைப் பயமுறுத்தியது. மறுத்தவளை மீறிவிட்டு, பிற்பாடு அவள் இணங்கியதைச் சான்றாகக் காட்டும் கதைகளைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் பிரித்துக் காட்டினாள். இரண்டு பேடவும் உண்மை. இரண்டாவது முதலாவதை அழிக்காது. என் கையெழுத்து தவறு. அதனால் அவள் உயிரோடிருக்கிறாள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நோயாளிக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கேளுங்கள், கையெழுத்துக்கு முன்னால்.

இப்போது தினமும் நான்கு முறை குழாயில் கஞ்சி. ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பதில் வர ஒரு நிமிடமாகலாம், ஐந்தாகலாம். கஞ்சி ஆறும். அவள் உடம்பைத் தொடுமுன் இருக்கும் அந்த இடைவெளிதான் எங்கள் பொழுது. நேற்று மதியம் "பேட" என்றாள். குழாயின் மூடியைத் திறக்கவில்லை. அடுத்த வேளையான நாலு மணி வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மறுபடி கேட்காமல்.