செவுளில் பட்ட கட்டைவிரல்

உனக்கு வேறு வேலையே இல்லையா? காசிமேட்டில் கேட்க எத்தனையோ கதை இருக்கிறது. எந்தப் படகில் யாருக்குச் சண்டை, எந்த வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று கேள், மூச்சு விடாமல் சொல்கிறேன். அதை விட்டுவிட்டு அந்த மீன் படத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். சரி, உட்கார். நடுவில் சிரித்தாயானால் எழுந்து போய்விடுவேன்.

என் பேத்தி படம் வரையும் காலேஜில் படிக்கிறாள். ஆனால் வரைவதில்லை. ஜெராக்ஸ் கடையில் காகிதத்தை வைத்தால் கண்ணாடிக்கு அடியில் விளக்கு ஓடுமே, அந்த ஸ்கேனர் ஒன்றைப் பழசாக வாங்கி வந்தாள். அதன் மேல் நண்டை வைத்தாள், கிழிந்த வலையை வைத்தாள், வாடிய சாமந்தியை வைத்தாள். மூடியைத் திறந்தே வைத்து, ஜன்னலை அடைத்து, விளக்கை ஓடவிடுவாள். சுற்றிலும் கருப்பாகி, கண்ணாடியைத் தொடுகிற இடம் மட்டும் மயிர்க்கால் தெரிகிற அளவுக்குத் துல்லியமாக வரும்.

"வூட்டையே நாறடிக்கிறியே, உன்னை எவன் கட்டிக்குவான்?" என்பேன்.

"மீன் கூடை தூக்குன உன்னையே ஒருத்தர் கட்டிக்கினாரே, ஆயா" என்பாள்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "நாளைக்குக் காலைல ஏலத்துல எடுத்த சங்கரா மீனு ஒண்ணு வேணும். அன்னைக்குப் புடிச்சதா இருக்கணும். அதான் படமே."

காலையில் மழை தூறியது. எனக்கு எழுந்திருக்கச் சோம்பல். ஐஸ் பெட்டியில் விற்காமல் கிடந்த நேற்றைய சங்கராவை எடுத்தேன். படத்துக்குத்தானே, தின்னவா போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவளும் மீன்காரி வீட்டுப் பெண். செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டாள். பழைய மீனுக்குச் செவுள் பழுப்பாகிவிடும். அதனால் வேறொரு மீனை அறுத்து, அந்த ரத்தத்தைச் செவுளில் தடவினேன். வாங்க வருகிறவர்களுக்காக எத்தனையோ தடவை செய்த வேலை. கை தானாகவே செய்தது.

"கண்ணு வெளுத்தா மாதிரி கீதே, ஆயா?"

"ஐஸ் பட்டுச்சும்மே. மழையில உனக்கோசரம் நனைஞ்சிகினு போய் எடுத்தாந்தேன், நொட்டை சொல்றியா?"

அவள் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துண்டு எடுத்து வந்து துவட்டிவிட்டாள். தலை காய்ந்துதான் இருந்தது. அதைக்கூட அவள் கேட்கவில்லை.

விளக்கு ஓடி முடிந்ததும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தவள் கத்தினாள். செவுள் மூடியின் மேல் ரத்தத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் தனித்தனியாக. "ஆயா, உன் கையி! ஏலத்துல எடுத்த கை அப்பிடியே வுழுந்துகீது!" நான் தேங்காய் துருவப் போய்விட்டேன்.

அந்தப் படம் கதவு உயரத்துக்கு அச்சாகி, ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கில் நடந்த கண்காட்சியில், சுவரில் மாட்டப்பட்டது. என் விரல் ரேகை மட்டும் என் முகம் அளவு இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் பேத்தி சொன்னாள்: "எதையும் திருத்தலை, சார். மழையில நனைஞ்சி எங்க ஆயா அன்னைக்கு எடுத்தாந்த மீனு. அது அவங்க கை." நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு, பாராட்டுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மார்க்கெட்டில் என் பக்கத்தில் கடை போடுகிற இரண்டு பேர் வந்தார்கள். படத்தைப் பார்த்ததுமே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா யக்கா, நம்ம வேலையைச் செவுத்துல மாட்டிகினு கீறே!"

மற்றவள், "அதுல கைநாட்டு வேற" என்றாள்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேத்தி ஓடி வந்தாள். "இன்னா சிரிக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்க."

இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் நானும் ஏதாவது கிண்டல் செய்து தப்பியிருப்பேன். பேத்தி இன்னும் சிரித்த முகத்தோடு நின்றிருந்தாள்.

"அது நேத்து மீனு, கண்ணு. ரத்தம் நான் பூசுனது. மழையில நான் எங்கியும் போவலை."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

"எல்லார் கிட்டயும் சொல்லிட்டேனே, ஆயா" என்றாள், அவ்வளவுதான். கண்காட்சி நடத்தியவரிடம் போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து படத்தைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு ஆளால் முடியாத படம். மறுமுனையை நான் பிடித்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் அதைச் சுருட்டி மடிமேல் படுக்கவைத்துக்கொண்டு வந்தோம். "நாளைக்கு நெஜமாவே போய் எடுத்தாரேன்" என்றேன்.

"வேணாம் ஆயா" என்றாள்.

மறுநாள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். படத்தை ஏன் இறக்கினீர்கள், யார் என்ன சொன்னார்கள், பொறாமைக்காரர்கள் வேலையா என்று துளைத்தார்கள். பேத்தி உள்ளேதான் இருந்தாள். அவள் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன்: "எவனும் ஒண்ணும் சொல்லலை. பழைய மீனுக்கு ரத்தம் பூசி, என் பேத்தி தலையிலயே கட்டிட்டேன். அதான் எறக்கிட்டா. இன்னாடி முழிக்கிறீங்க, உங்களுக்கும் அப்பிடி வித்துகீறேன்."