எழுபத்திரண்டு வீதம்

“…முடிஞ்சுது எண்டு நான் சொன்னது பொய் மச்சான். பிரதி எழுபத்திரண்டு வீதத்திலை நிண்டது. பத்தரை ஆகப்போகுது எண்டு டிஸ்க்கைக் கழட்டிப்போட்டன்.”

சொன்னவன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் யாருடைய கம்பியூட்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். காலைத் தேத்தண்ணியோடு என் மேசைக்கு முன்னால் இருந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

நான் பெரிய படிப்புக்காரன் இல்லை. சனத்தின் கதையைக் கேட்டுத்தான் கொஞ்சம் தேறினேன். பஸ்ஸிலோ சந்தையிலோ யாராவது ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால், கையைப் பிடித்துக் கெஞ்சி, இன்னொருக்கால் சொல்லவைத்துப் போனில் பதிவேன். பிறகு கம்பியூட்டரில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவேன். அப்படிப் பத்து வருசத்துக் குரல்கள். கொழும்புத்துறையில் மீன் விற்ற ஒரு அக்கா சொன்னாள்: “வலை கிழிஞ்சா தைக்கலாம் தம்பி, வாய் கிழிஞ்சா ஆர் தைக்கிறது?” சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பும் அதிலே இருந்தது. அவள் கண்மூடி இரண்டு வருசம்.

பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு வராது, புதியதற்கு மாறவேண்டும் என்று சொன்னவன் அவன்தான். டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் புதியதைப் போடலாமாம். அதற்கு முதல் எல்லாவற்றையும் தன்னுடைய வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பானாம். “உன்ரை ஒரு முனகல்கூடப் போகாது” என்றான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். எந்தப் புது வேலையையும் அதற்கு முதல் தொடங்கிவிட வேண்டும் அவனுக்கு. ஒன்பது மணிக்குப் பிரதி ஏறத் தொடங்கியது. அது ஆடி அசைந்து ஏறிக்கொண்டிருக்க, நான் குசினிக்குத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது, “முடிஞ்சுது” என்றான். என் கண்முன்னாலேயே துடைக்கவும் தொடங்கினான். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தானாகக் கழிந்திருக்கும்.

பின்னேரம், பிரதியைத் திருப்பி ஏற்றிப் பார்த்தால், அந்த அக்காவின் குரல் இருந்த கொழும்புத்துறை ஃபோல்டரே இல்லை. “எங்கையாவது ஒளிச்சிருக்கும், தேடுவம்” என்றான். மூன்று கிழமை, நாள் தவறாமல் வந்து என்னோடு சேர்ந்து தேடினான். பாவம், எனக்காக மினக்கெடுகிறானே என்று வடையும் வாங்கி வைத்தேன். இடையிடையே புதிதாகப் பதிந்த குரல்களையும் அதே கம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“இப்ப ஏன் சொல்லுறாய்?” என்று கேட்டேன்.

“நேற்று ரவுணிலை, அழிஞ்சதை மீட்டுக் குடுக்கிற ஒருத்தரிட்டைக் கேட்டனான். அண்டைக்கே கொண்டந்திருந்தால் பெரும்பாலும் எடுத்திருக்கலாமாம். பிறகு ஏத்துற ஒவ்வொண்டும் பழசுக்கு மேலை எழுதப்படுமாம்.”

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அந்த அக்காவின் சிரிப்புக்கு மேல் மண் போட்ட கைகள்.

“நான் ஏத்தேக்கை நீ பக்கத்திலைதானே இருந்தனீ?”

“ஓம்.”

“ஏத்தாதை எண்டு ஒரு சொல்லுச் சொன்னியோ?”

“எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சொன்னால் ஏன் எண்டு கேட்டிருப்பாய்.”

“ராகுகாலத்திலை அழிச்சாத்தான் பாவம், நல்ல நேரத்திலை அழிச்சால் புண்ணியமோடா?”

அவன் பொய் சொன்னதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். பத்தரை மணிப் பதற்றத்தில் வந்த பொய் அது. ஆனால் இல்லாத ஒன்றை என் தோளோடு தோள் உரசிக்கொண்டு தேடினானே, அந்தப் பின்னேரங்கள்தான் தொண்டையில் நின்றன. அந்த வடையை எப்படித் தின்றான்?

“ஏதும் மிஞ்சியிருக்குமோ எண்டு கேட்டனியோ?”

“கம்பியூட்டர்ப் பெட்டியைப் பாத்தால்தான் சொல்லலாமாம்.”

அவன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மேசைக்குக் கீழே முழங்காலில் போய், வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். என்னை ஒரு சொல்லும் கேட்காமல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, படலையைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு வெய்யிலுக்குள் இறங்கினான்.